தாயக்கட்டையை உருட்டு... புது உலகம் படை!

"நீங்க மூணு பேரும் புளியங்குடிக்கு மேற்கே, மலையடிவாரத்துல நிக்கிறீங்க. சாரல் அடிக்குது. எதிரே பெரிய குளம். ஆனா, அதுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல! குளத்துக்கு நடுவுல பனைமர உயரத்துக்கு ஒரு பூதம் உட்கார்ந்திருக்கு. இப்ப என்ன செய்வீங்க?"

அக்கா கேட்டுவிட்டு நிறுத்துகிறாள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தம்பியும், பக்கத்து வீட்டு அண்ணனும், சித்தி மகள் குட்டிப் பாப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

இது சினிமா இல்லை, கம்ப்யூட்டர் கேமும் இல்லை. கரண்ட் போனாலும் விளையாடலாம். ஒரு நோட்டு, ஒரு பென்சில், இரண்டு தாயக்கட்டை, நாலு வாய் இருந்தால் போதும். இந்த ஆட்டத்தை உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே நீங்களே உருவாக்கலாம். எப்படி? வாங்க, பார்க்கலாம்!

சண்டையே வராத திருடன்–போலீஸ்

சொப்பு வைத்துச் சோறு பொங்கி விளையாடியிருப்பீர்கள். திருடன்–போலீஸும் ஆடியிருப்பீர்கள். அப்போது ஒரு சண்டை கட்டாயம் வந்திருக்குமே! "உன்னைச் சுட்டுட்டேன், நீ அவுட்!" "இல்ல, குண்டு என் மேல படவே இல்ல!"

குண்டு பட்டதா இல்லையா? அதை யார் சொல்வது? இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்த விளையாட்டுதான் 'ரோல் பிளேயிங் கேம்'. தமிழில் 'வேடம் ஏற்று ஆடும் ஆட்டம்' என்று சொல்லலாம். ஒருவர் கதை நடத்துபவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். வீரன், வைத்தியச்சி, திருடன், மந்திரவாதி... எது வேண்டுமானாலும் ஆகலாம். "நான் சுவரைத் தாண்டுகிறேன்" என்று ஒருவர் சொன்னால், தாண்டினாரா விழுந்தாரா என்பதைப் பகடை சொல்லும். பகடையிடம் யார் சண்டை போட முடியும்?

முதலில் 1,000 பெட்டி

அமெரிக்காவில் சிலர் பொம்மைச் சிப்பாய்களை மேஜையில் நிறுத்திப் போர் விளையாட்டு ஆடிவந்தார்கள். அவர்களில் ஒருவர் மின்னசோட்டா மாநிலத்தின் டேவ் ஆர்னசன். படை முழுவதையும் நகர்த்துவதற்குப் பதிலாக, ஒவ்வொருவரும் ஒரே ஒரு ஆளாக இருந்தால் எப்படி என்று அவர் யோசித்தார். தன் நண்பர்களுக்காக 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டையே உருவாக்கினார். விஸ்கான்சின் மாநிலத்தில் இருந்த கேரி கைகாக்ஸ் அவருடன் சேர்ந்து விதிகளை எழுதினார். 1974-ல் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' பிறந்தது. முதலில் அச்சிட்டது 1,000 பெட்டிகள்தான். இன்று உலகம் முழுவதும் ஆடுகிறார்கள்.

இதில் ஒரு சேதி கவனித்தீர்களா? புத்தகம் வருவதற்கு முன்பே, ஒருவர் தன் நண்பர்களுக்காக வீட்டில் செய்த உலகம் வந்துவிட்டது! இப்படிச் சொந்தமாக நாடு, பூதம், விதி எல்லாம் உருவாக்குவதை 'ஹோம்புரூ' என்பார்கள். வீட்டுத் தயாரிப்பு என்று அர்த்தம். கடையில் வாங்கிய ஊறுகாய்க்கும் ஆச்சி போட்ட ஊறுகாய்க்கும் உள்ள வித்தியாசம்தான்!

நம்ம ஊர்க் கதை எங்கே?

இந்த ஆட்டங்களில் பல காலமாக வந்தவை பெரும்பாலும் ஐரோப்பியக் கோட்டை, பனிமலை, நெருப்புக் கக்கும் டிராகன். நம்ம ஊர் முனியும் மோகினியும் என்ன ஆனார்கள்?

2022-ல் ஒரு மாற்றம் வந்தது. அந்த ஆண்டு 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்' என்ற தொகுப்பு வெளியானது. அதில் 13 சாகசங்கள். எழுதியவர்கள் தங்கள் சொந்த மண்ணின் கதைகளிலிருந்து நாடுகளைப் படைத்தார்கள். கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல், வங்காள மண்ணை மனதில் வைத்து 'சங்கபூமி' என்ற நாட்டை உருவாக்கினார். தொகுப்பை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அஜித் ஜார்ஜ். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஏழைக் குழந்தைகளுக்காக 1997-ல் தொடங்கப்பட்ட சாந்தி பவன் பள்ளியின் நிர்வாகத்தில் பொறுப்பு வகித்தவர் அவர்!

சொந்த ஊரை வைத்து உலகம் படைப்பது தென்காசிப் பக்கத்துக்கும் புதிதல்ல. தென்காசி அருகே மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் பாடியதுதான் 'குற்றாலக் குறவஞ்சி'. 18-ம் நூற்றாண்டு நூல். அதில் ஒரு குறத்தி வந்து தன் மலையின் பெருமையைச் சொல்வாள். அருவியும் குரங்கும் மூங்கிலும் கதைக்குள் வந்துவிடும். கவிராயர் வேறு எங்கும் தேடிப் போகவில்லை. கண்ணெதிரே இருந்த மலையைத்தான் பார்த்தார்.

நாமும் அதையே செய்வோமா?

படி 1: ஒன்றை மட்டும் மாற்று

முதலில் உங்கள் ஊரில் இருப்பதை நோட்டில் எழுதுங்கள். புளியங்குடி என்றால் எலுமிச்சை மார்க்கெட். கேரளாவுக்குக் காய் ஏற்றிப் போகும் லாரிகள். மேற்கே மலை. கொஞ்ச தூரத்தில் குற்றாலம். ஜூன் மாதம் பிறந்தால் சீசன், சாரல்.

இப்போது ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். உதாரணமாக, 'இந்த நாட்டில் எலுமிச்சம்பழம்தான் காசு.' அவ்வளவுதான். அதனால் என்னென்ன ஆகும் என்று யோசியுங்கள். பழம் காய்ந்துவிடுமே! அப்படியானால் யாராலும் பணத்தைப் பதுக்க முடியாது. கருமி சேர்த்து வைத்தால் கடைசியில் ஊறுகாய்தான் மிச்சம். பேங்க் எப்படி இருக்கும்? வரிசையாக ஊறுகாய் ஜாடி! திருடன் ராத்திரியில் வந்தால் வாசனையே காட்டிக் கொடுத்துவிடும்.

பார்த்தீர்களா? மாற்றியது ஒன்று, கிடைத்தது ஒரு நாடு. பத்து விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றினால் உங்களுக்கே குழம்பிவிடும்.

படி 2: பாத்திரத்துக்கு மூன்று வரி

ஆடுகிற ஒவ்வொருவரும் மூன்று வரி எழுத வேண்டும். நான் யார்? எதில் கெட்டிக்காரி? எதற்குப் பயப்படுவேன்? மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். எதற்குமே பயப்படாத வீரனின் கதை சீக்கிரம் போரடித்துவிடும். இருட்டுக்குப் பயப்படும் வீரன் குகைக்குள் போனால்தானே சுவாரசியம்?

படி 3: தாயக்கட்டைக் கணக்கு

வெளிநாட்டு ஆட்டங்களில் 20 முகம் கொண்ட பகடை உண்டு. நமக்கு வீட்டில் இருக்கும் பித்தளைத் தாயக்கட்டை போதும். ஒவ்வொரு கட்டையிலும் நான்கு பக்கம்: 1, 2, 3 புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். (4 × 4 = 16, சரிதானே?)

இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. இது 16-ல் ஒரு வழி மட்டும். 6 விழவும் ஒரே வழிதான். தாயம் விழ 2 வழி, 5 விழவும் 2 வழி. 2-க்கும் 4-க்கும் மும்மூன்று வழி. 3 விழ மட்டும் 4 வழி! அதனால்தான் தாயத்துக்காகக் காத்திருக்கும்போது மூணு மூணாக விழுந்து வெறுப்பேற்றுகிறது!

இதை வைத்து விதி செய்வோம்:

சுலபமான வேலை (மரம் ஏறுவது): 2 அல்லது அதற்கு மேல். 16-ல் 14 முறை வெற்றி.

நடுத்தரம் (ஓடும் லாரியில் தாவுவது): 3 அல்லது அதற்கு மேல். 16-ல் 11.

கஷ்டம் (பூதத்தோடு மல்யுத்தம்): 5 அல்லது அதற்கு மேல். 16-ல் 4 மட்டுமே.

தாயம் விழுந்தால்? வேலை நடக்காது. ஆனால் ஒரு புதிய துப்பு கிடைக்கும். தாயத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா? தாயக்கட்டை இல்லாதவர்கள் லூடோ பகடையிலும் இதே விதிகளை வைத்து ஆடலாம்.

படி 4: முடிவை எழுதாதே!

கதை எழுதுபவருக்கும் இந்த ஆட்டம் நடத்துபவருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். முடிவை நீங்கள் எழுதக் கூடாது. இடத்தையும் சிக்கலையும் மட்டும் எழுதுங்கள். முடிவு ஆடுகிறவர்கள் கையில்.

இது கேட்பதற்குச் சுலபம், செய்வதற்குக் கஷ்டம். ஏன் என்று தெரிய வேண்டுமா? திண்ணைக்குத் திரும்பிப் போவோம்.

பூதத்திடம் ஒரு கேள்வி

அக்கா இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். பூதத்தோடு பெரிய சண்டை! பூதத்துக்கு எத்தனை அடி தாங்கும், எந்த ஆயுதத்துக்குப் பயம், எல்லாம் நோட்டில் இருக்கிறது. படம்கூட வரைந்து வைத்திருக்கிறாள்.

தம்பி, "நான் வேலால குத்தப் போறேன்" என்கிறான். பக்கத்து வீட்டு அண்ணன், "நான் பின்னால போய்க் கயிறு போடுறேன்" என்கிறான்.

குட்டிப் பாப்பா மட்டும் கேட்கிறாள்: "அக்கா, அந்தப் பூதம் ஏன் தனியா உட்கார்ந்திருக்கு?"

அக்காவுக்குத் திக்கென்றது. அது நோட்டில் இல்லையே! "அதெல்லாம் கேக்கக் கூடாது, சண்டை போடு" என்று சொல்லிவிடலாம். இரண்டு நாள் உழைப்பும் வீணாகாது. ஆனால் பாப்பாவின் முகம் வாடிவிடும். அப்புறம் அவள் எதுவுமே கேட்க மாட்டாள்.

அக்கா, "இரு, ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று உள்ளே போகிறாள். திரும்பி வந்து நோட்டை மூடி வைக்கிறாள்.

"சரி, பூதத்துக்கிட்ட அதையே கேளு. நடுத்தரம். மூணு விழணும்."

பாப்பா உருட்டுகிறாள். கட்டைகள் உருண்டு நிற்கின்றன. ஒன்றில் வெறுமை, இன்னொன்றில் ஒரு புள்ளி. தாயம்!

"பூதம் பதில் சொல்லல. ஆனா, அது மடியில ஒரு பழைய மண்குடம் இருக்கு. அதையே தடவிக்கிட்டு இருக்கு."

இப்போது மூவரும் வேலையும் கயிற்றையும் மறந்துவிட்டார்கள். யார் குடம்? ஏன் வைத்திருக்கிறது? பேசிப் பேசி அவர்களே கண்டுபிடித்தார்கள். முன்பெல்லாம் குளத்துக்குத் தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் பூதத்தோடு ஊர்க்கதை பேசுவார்கள். வீட்டுக்கு வீடு குழாய் வந்ததும் யாரும் வருவதில்லை. பேச ஆளில்லாமல், கோபத்தில் தண்ணீரை எல்லாம் குடத்துக்குள் பிடித்து வைத்துக்கொண்டது!

அக்கா எழுதிய சண்டையை விட இது நல்ல கதை இல்லையா? இதை எழுதியது ஒருவர் அல்ல, நாலு பேர். எட்டு வயதுப் பாப்பாவின் ஒரு கேள்வியும் ஒரு தாயமும் சேர்ந்து எழுதிய கதை.

அதனால், பூதத்தைப் படைக்கும்போது எத்தனை பல் என்பதற்கு முன்னால், அதற்கு என்ன ஆசை என்று ஒரு வரி எழுதுங்கள். சண்டை போட்டாலும், பேசினாலும், பயந்து ஓடினாலும் அந்த ஒரு வரி கை கொடுக்கும்.

இதையும் மறக்காதீங்க!

பூதமும் பிசாசும் கற்பனையாகவே இருக்கட்டும். நிஜ மனிதர்களின் நிறம், உடம்பு, பேச்சு, சாதி, மதம் எதையும் கேலி செய்து வில்லன் ஆக்காதீர்கள். ஆட்டத்தில் ஒருவர் முகம் சுருங்கினாலும் ஆட்டம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். கதை நடத்துபவர் கட்சி சேரவும் கூடாது. தம்பிக்கு ஒரு விதி, தோழிக்கு ஒரு விதி கிடையாது.

என்ன குட்டீஸ், நோட்டை எடுத்தாச்சா? இன்று மாலையே ஆச்சியிடம் கேளுங்கள்: "நம்ம ஊர்க் குளத்துல, மலையில என்ன இருந்துச்சு?" அவர் சொல்வதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பிறகு அந்த மந்திரக் கேள்வியைக் கேளுங்கள்...

"இப்ப என்ன செய்வீங்க?"