ஹெல்மெட் அசலா? மொபைலிலேயே பார்த்துவிடலாம்!

சேலம், நாமக்கல் பக்கம் மின் ஸ்கூட்டர் வாங்கும் நண்பர்கள், சாஃப்ட்வேர் இன்ஜினியரான என்னிடம் பேட்டரி பற்றிக் கேட்கிறார்கள். ஹெல்மெட் பற்றிக் கேட்பதில்லை. "25 கிலோமீட்டர் வேகம்தானே, லைசென்ஸ்கூட வேண்டாமே!" என்கிறார்கள். அந்த வேகத்தில் தலை மோதுவது, எட்டு அடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம்.

2021 ஜூன் 1 முதல் இரு சக்கர வாகன ஹெல்மெட்டுகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டிவிடலாம். எனவே பணம் கொடுக்கும் முன் இப்படிச் சோதியுங்கள்.

1. மொபைலில் "பி.ஐ.எஸ். கேர்" அப்ளிகேஷனை இலவசமாக இறக்கிக் கொள்ளுங்கள்.

2. முத்திரையின் மேலே ஐ.எஸ். 4151 என்றும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும்.

3. லைசென்ஸ் விவரம் சரிபார்க்கும் பிரிவில் அந்த எண்ணைத் தந்திடுங்கள். தயாரிப்பாளர் பெயர், பொருள், லைசென்ஸ் நடப்பில் உள்ளதா என்பன தெரியும். ஹெல்மெட்டில் உள்ள பெயருடன் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் வாங்க வேண்டாம்.

அடுத்து அளவு. பட்டையை மாட்டி, பின்புறத்திலிருந்து மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று வரக் கூடாது. ஒற்றைச் சக்கர மின் வண்டி ஓட்டுவோர் முகங்குப்புற விழ வாய்ப்பு அதிகம். அவர்களுக்குத் தாடையையும் மூடும் ஹெல்மெட்டே நல்லது.

உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கித்தான் அடியைத் தாங்குகிறது. நசுங்கியது மீண்டும் எழாது. பலமாக ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட், வெளியே பளபளப்பாக இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.