துணியைத் திருப்பிப் பார்க்கிற கை கெரானையும் திருப்பிப் பார்க்கட்டும்

தங்காக் பட்டணத்துத் துணிக்கடைகளுக்குத் தீபாவளிக்கு முன்னால் வந்துபோகிற குடும்பங்களைக் கவனித்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானதாயிருக்கும். நாலு மீட்டர் துணிதான். ஆனாலும் வீட்டின் மூத்த பெண்மணி அதை விரல்களுக்கிடையே தேய்த்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்து, உள்பக்கத்தைத் திருப்பி, கரை முடிகிற இடம்வரை விரித்துப் பார்த்த பிறகே விலை பேசத் தொடங்குவார். அதே குடும்பம் அன்று மாலையே லேடாங் மலை தெரிகிற ஒரு மனையைப் பார்க்கப் போனால், மலையின் நீலமும் காற்றின் குளிர்ச்சியும் மனத்தை மயக்கிவிட, ஆயுட்காலச் சம்பாத்தியத்தை விழுங்கப்போகும் அந்த நிலத்தின் உரிமைப் பத்திரமாகிய கெரானைக் கண்ணால்கூடக் காணாமல் முன்பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருவதும் உண்டு.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் ஏறக்குறைய நடுவில் அமைந்து, 1,276 மீட்டர் உயரமுள்ள அந்த லேடாங் மலையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருக்கிற இவ்வூரை நாடி, தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியில் வீடு தேடுகிற இளம் தம்பதிகளும், சிங்கப்பூரில் உழைத்து ஓய்வுக்காலத்துக்கு ஒரு நிழல் தேடுகிறவர்களும், டுரியான் மரங்களுக்கு நடுவே ஒரு விடுமுறை வீடு வேண்டுமென்கிற நகரவாசிகளும் வருகிறார்கள். இம்மூவருக்கும் தேவையான ஆலோசனை ஒன்றே: மலையைப் பார்ப்பதற்கு முன் கெரானைப் பாருங்கள்.

மலேசியத் தமிழர்களாகிய நம்மவர்களுக்கு இது புதிய பாடமும் அன்று. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, பல்லாண்டுகள் பால்மரம் வெட்டியவர்கள் கையில் நிலத்தின் மேல் உரிமை சொல்லும் காகிதம் ஒன்றும் இல்லாமல் நின்றார்கள். அந்த வேதனையிலிருந்துதான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. வியர்வை சிந்தியதனால் நிலம் சொந்தமாகிவிடுவதில்லை. பதிவேட்டில் ஏறிய பெயரே சொந்தம் என்பதை அந்தத் தலைமுறை பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

கெரான் சொல்லும் சேதி

தமிழ்நாட்டில் நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் தேடி, கைமாறிய வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. மலேசியாவின் சம்பிரதாயம் வேறு. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம், ஆஸ்திரேலியாவில் தோன்றிய டோரன்ஸ் முறையைத் தழுவியது. அரசாங்கப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். ஆகவே நம்மவர் வாயில் ‘கிராண்ட்’ என்று வழங்கும் அந்தத் தாளை வரிவரியாகப் படிப்பது வாங்குகிறவரின் முதற்கடமை.

முதலாவதாக, உரிமையின் வகை. கெரான், கெரான் முக்கிம் எனப்படுபவை காலவரையற்ற உரிமை, பஜாக்கான் நெகிரி, பஜாக்கான் முக்கிம் எனப்படுபவை அதிகபட்சம் 99 ஆண்டுக் குத்தகை, எச்.எஸ்.டி., எச்.எஸ்.எம். என்பவை இறுதி அளவை முடியும்வரை தரப்படும் தற்காலிகப் பட்டாக்கள். குத்தகை நிலமானால், எஞ்சியிருக்கும் ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆண்டுகள் குறையக் குறைய வங்கியின் தாராளமும் குறைந்துகொண்டே போகும்.

இரண்டாவதாக, நிலத்தின் வகுப்பு: விவசாயமா, கட்டடமா, தொழிலா? மூன்றாவதாக, ‘செக்காத்தான் கெப்பந்திங்கான்’ என்கிற உரிமைக் கட்டுப்பாடு. மாநில அரசின் சம்மதமின்றி விற்கக் கூடாது என்று அங்கே எழுதியிருந்தால், அந்தச் சம்மதம் வரும்வரை கையெழுத்து மட்டும் பயன்தராது. மலாய் ஒதுக்கீட்டு நிலமாக இருந்தால் அது மலாய்க்காரரல்லாதார் பெயருக்கு மாறவே மாறாது. வேறு ஒருவர் பெயரில் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவரிடமிருந்து விலகி நிற்பதே உத்தமம். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் வாங்க விரும்பினால் மாநில அரசின் அனுமதி அவசியம். ஜொகூரில் அந்நியருக்கான குறைந்தபட்ச விலையும் பொதுவாக 10 லட்சம் ரிங்கிட் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விற்பவர் காட்டுகிற நகலை நம்பியிராமல் நில அலுவலகத்தில் ‘சாரியான் ரஸ்மி’ என்னும் அதிகாரபூர்வத் தேடல் செய்யுங்கள். முக்கிம் பட்டாக்கள் மாவட்ட நில அலுவலகத்திலும், கெரான், எச்.எஸ்.டி. போன்றவை மாநில நில அலுவலகத்திலும் பதிவாகியிருக்கும். வங்கி அடமானம், யாரேனும் போட்டு வைத்த கேவியட் எனும் ஆட்சேபக் குறிப்பு, நீதிமன்றத் தடை எல்லாம் அதில் தெரிந்துவிடும். தங்காக் ஒரு காலத்தில் மூவாரின் பகுதியாயிருந்து, பின்பு லேடாங் மாவட்டமாகி, அதன் பிறகே இப்பெயர் பெற்றது. ஆகவே பழைய தாளில் மூவார் என்று கண்டால் திகைக்க வேண்டியதில்லை. பாட்டனார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அவர் பெயரிலேயே பட்டா நிற்குமானால், வாரிசுகள் பெயருக்கு மாற்றி முடிக்கும்வரை பணம் கொடுக்காதீர்கள்.

ஈர்க்குச்சி மனைகள்

விடுமுறை வீட்டு ஆசைக்குக் குழி தோண்டுவது ‘லோட் லிடி’ என்று மலாயில் வழங்கும் விற்பனை. ‘லிடி’ என்றால் ஈர்க்குச்சி. பெரிய விவசாய நிலத்தைத் துடைப்பத்து ஈர்க்குகளைப் போல் மெல்லிய துண்டுகளாகக் காகிதத்தில் வரைந்து விற்பதனால் இந்தப் பெயர்.

இரண்டு ஏக்கர் பழத்தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 87,120 சதுர அடி. விற்பவர் 40க்கு 60 அடி என்று கோடு போட்டு, கல் நட்டு, உங்களிடம் 2,400 சதுர அடியைக் காட்டுகிறார். விவசாய நிலத்தை 0.4 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் ஓர் ஏக்கருக்குக் கீழே பிரித்துத் தனிப்பட்டா வழங்க நிலச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லையாதலால், அந்த இரண்டு ஏக்கரிலிருந்து சட்டப்படி இரண்டு பட்டாக்கள் பிறக்கலாமே தவிர முப்பத்தாறு பிறக்காது. கெரானில் உங்கள் பெயர் ஏறினால்கூட, முப்பத்தாறில் ஒரு பங்குக்குக் கூட்டுச் சொந்தக்காரர் ஆவீர்களே அன்றி, கல் நட்ட அந்த 2,400 சதுர அடி உங்களுடையது ஆகாது. நாளைக்கு விற்பதற்கோ அடமானம் வைப்பதற்கோ பிரிப்பதற்கோ முயன்றால் மற்றப் பங்காளிகளின் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். விற்பவர் பெயரிலேயே கெரானை வைத்துக்கொண்டு வெறும் ஒப்பந்தக் காகிதம் மட்டும் கையில் தரப்படுமானால், நிலைமை இன்னும் மோசம்.

முழு நிலத்தையும் வாங்குகிறவருக்கும் ஓர் எச்சரிக்கை. விவசாய நிலத்தில் உரிமையாளர் குடியிருக்க ஒரு வீடு கட்டிக்கொள்ளச் சட்டம் அளவோடு இடந்தருகிறது. பயணிகளுக்கு வாடகைக்கு விட ஐந்தாறு அறைகள் எழுப்புவது அதில் அடங்காது. அதற்கு நிலத்தின் உபயோகத்தை மாற்றி, அதற்குரிய பிரீமியம் செலுத்தி, திட்ட அனுமதியும் கட்டட வரைபட அனுமதியும் பெற வேண்டும். மலையடிவாரத்து ஓடையோரம் கண்ணுக்கு இன்பமே. ஆனால் உச்சியில் மழை பெய்து, கீழே வெயிலடிக்கும்போதே ‘கெப்பாலா ஆயர்’ எனும் திடீர் வெள்ளம் பாய்ந்து வரும். ஆகவே மழைக்காலத்தில் ஒருமுறை போய், அக்கம்பக்கத்துச் சுவர்களில் வெள்ளம் ஏறி இறங்கிய கறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

தாமான் வீடு

கட்டப்படாத வீட்டை மேம்பாட்டாளரிடம் வாங்குகிறவருக்கு 1966ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் கேடயமாக நிற்கிறது. உரிமமும் விளம்பர-விற்பனை அனுமதியும் நடப்பில் உள்ளனவா என்று பாருங்கள். தரைவீட்டுக்கான ஒப்பந்தம் சட்டம் வகுத்த ‘ஜி’ அட்டவணைப்படி இருக்க வேண்டும். பணத்தைக் கட்டுமானப் படிகளுக்கேற்பவே செலுத்த வேண்டும். 24 மாதத்தில் வீடு ஒப்படைக்கப்படாவிட்டால், தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்ற கணக்கில் நஷ்டஈடு கேட்கலாம். சாவி கைக்கு வந்தபின் 24 மாதத்துக்குள் தென்படும் விரிசல், ஒழுகல் முதலிய குறைகளை எழுத்து மூலம் தெரிவித்தால் மேம்பாட்டாளர் பழுதுபார்க்கக் கடமைப்பட்டவர். மறுத்தால், வழக்கறிஞரின்றியே வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தை அணுகலாம். வாய்மொழிப் புகாருக்குச் சாட்சி கிடையாது. ஆகையால் புகைப்படமும் கடிதமும் பத்திரமாயிருக்கட்டும்.

விலைக்கு மேல் வரும் செலவு

3,50,000 ரிங்கிட் வீட்டுக்குப் பத்தில் ஒரு பங்காகிய 35,000 ரிங்கிட் போதும் என்று நினைப்பது பொதுவான பிழை. உரிமை மாற்ற முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடும், எஞ்சிய இரண்டரை லட்சத்துக்கு 2 விழுக்காடும் ஆக 6,000 ரிங்கிட். 3,15,000 ரிங்கிட் கடனுக்கு அரை விழுக்காடு முத்திரை வரி 1,575. வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காட்டு விகிதத்தில் விற்பனை ஒப்பந்தத்துக்கு 4,375, கடன் பத்திரத்துக்குச் சுமார் 3,940. இவை மட்டுமே ஏறக்குறைய 16,000 ரிங்கிட். முதல் வீடு வாங்கும் மலேசியருக்கு 5 லட்சம் ரிங்கிட் வரையிலான வீட்டுக்கு முத்திரை வரிவிலக்கு அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வருகிறது; வாங்குகிற ஆண்டில் அது நடப்பில் உண்டா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். இரண்டு வீட்டுக் கடன்கள் நிலுவையில் இருக்கும்போது மூன்றாவது வீட்டுக்கு வங்கி 70 விழுக்காட்டுக்கு மேல் கடன் தராது என்பதை விடுமுறை வீடு தேடுகிறவர் மறக்கலாகாது. வாங்கிய மூன்றாண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு சொத்து லாப வரி. மலேசியக் குடிமக்களுக்கு ஆறாம் ஆண்டிலிருந்துதான் அந்த வரி இல்லை.

பூட்டிய வீட்டுச் சொந்தக்காரருக்கு

தாய்லாந்தில் வாழ்ந்த மூதாட்டி ஒருவருக்குப் பினாங்கு தஞ்சோங் பூங்காவில் நிலம் இருந்தது. வேறொருத்தி அவர் பெயரைச் சூடிக்கொண்டு, போலிக் கையெழுத்திட்டு, அதை விற்றுவிட்டாள். 2000ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம், நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கே நிலம் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு தவறென்று 2010இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் ஒப்புக்கொண்டதென்றாலும், மூதாட்டியின் நிலம் மீளவில்லை. தூரத்திலிருக்கிற உரிமையாளர் ஆண்டுக்கொருமுறை பதிவேட்டைத் தேடிப் பார்ப்பது வீண் வேலையன்று.

நில வரியை நில அலுவலகத்திலும் மதிப்பீட்டு வரியைத் தங்காக் மாவட்ட மன்றத்திலும் தவறாமல் செலுத்துங்கள். நில வரி பாக்கிக்கு 6ஏ படிவம் வந்து, மூன்று மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் நிலத்தை மாநில அரசு பறிமுதல் செய்ய முடியும். படிவம் பழைய முகவரிக்குப் போய்ச் சேருமானால் குற்றம் உங்கள் மேல்தான். நெடுநாள் ஆளில்லாத வீட்டுக்குத் தீக் காப்புறுதி செல்லுமா என்று பத்திரத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். கரையானையும் ஒழுகலையும் கவனிக்க, மாதம் ஒருமுறை கதவைத் திறந்து காற்று விட நம்பகமான ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

முன்பணம் வாங்க வருகிறவர் பதிவுபெற்ற முகவரா என்று விசாரித்து, பணத்தை அவர் சொந்தக் கணக்கில் போடாமல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில் போட்டு, ரசீது பெறுங்கள். அதற்கு முன், தேடல் சான்றில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். லேடாங் மலை எங்கேயும் போய்விடாது. இவற்றைச் சரிபார்க்க ஆகும் ஒரு வாரத் தாமதத்தினால் கைநழுவிப் போகிற நிலமானால், அது போகட்டும்.