நாட்வெஸ்ட் பன்றி உண்டியல்: வாங்குமுன் எதைப் பார்ப்பது?

லண்டனில் பழைய உண்டியல்கள் சேர்க்க ஆசையா? சிவப்புத் தபால் பெட்டி, மாடி பஸ் வடிவத் தகர உண்டியல்கள் சந்தைகளில் நிறையக் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது நாட்வெஸ்ட் வங்கியின் பீங்கான் பன்றிகளைத்தான். ஒரே குடும்பம், மொத்தம் ஐந்து பேர். அகலக்கால் வைக்க வேண்டியதில்லை.

இவை எப்படி வந்தன? 1983 முதல் சில ஆண்டுகள், சேமிப்புக் கணக்குத் திறந்த சிறுவர்களுக்கு வங்கி தந்த பரிசு இது. செய்தது ஸ்டாஃபோர்ட்ஷயரின் வேட் நிறுவனம்.

ஐந்தும் ஒரே விலையா? இல்லை. 3 பவுண்டு போட்டுக் கணக்குத் திறந்தாலே நாப்பி கட்டிய குழந்தை வூடி கைக்கு வந்துவிடும். சேமிப்பு 25 பவுண்டானால் அக்கா அன்னபெல், 50 ஆனால் அண்ணன் மாக்ஸ்வெல், 75க்கு அம்மா லேடி ஹிலரி, 100க்கு அப்பா சர் நதானியல். அன்றைக்கு ஒரு பிள்ளைக்கு 100 பவுண்டு பெரிய தொகை. அப்பாவரை எட்டியவர்கள் குறைவு. அதனால்தான் வூடி மலிவு, சர் நதானியலுக்குக் கிராக்கி.

போலி வருமா? வரும். அடியில் வேட் பெயர் பதிந்திருப்பது நல்ல அடையாளம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். முகத்தின் வண்ணக் கோடுகள் கலங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். முடிந்தால் நல்லதென்று தெரிந்த ஒன்றின் பக்கத்தில் வைத்து உயரத்தையும் எடையையும் ஒப்பிடுங்கள்.

சேதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் காசு போடும் வாயைப் பாருங்கள். கத்தி நுழைத்துக் காசு எடுக்காத பிள்ளை உண்டா? அந்த ஓரத்தில்தான் மெருகு (பீங்கான் மேலுள்ள கண்ணாடிப் பூச்சு) பெயர்ந்திருக்கும். பிறகு நகத்தால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, மழுங்கிய சத்தம் வந்தால் கீறல் இருக்கலாம். காது நுனிகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒட்டிப் பூசியது தெரியும். அடியிலுள்ள ரப்பர் அடைப்பான் இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். தயங்கவே வேண்டாம்.

எங்கே தேடுவது? சனிக்கிழமை போர்ட்டபெல்லோ சாலை, வெள்ளிக்கிழமை விடியற்காலை பெர்மண்ட்சி. அதற்கு முன் உங்கள் தெருச் சாரிட்டி கடையைப் பாருங்கள்.

உள்ளே பழைய காசு கிடந்தால்? வட்டமான ஒரு பவுண்டு நாணயம் 2017 அக்டோபர் 15 நள்ளிரவோடு கடைகளில் செல்லாமல் போனது. ஆனாலும் தூக்கி எறியாதீர்கள். உங்கள் கணக்கில் போட முடியுமா என்று வங்கியில் கேளுங்கள்.