கொசு அல்லாத "தேயிலைக் கொசு"!
ஒரே சாயலில் மூன்று பூச்சிகள்: பெயர் குழம்பிய கதை

வால்பாறையிலோ மூணாறிலோ சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் "தேயிலைக் கொசு" என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். கொழுந்தில் பழுப்புப் புள்ளிகள் விழுந்து, இலை சுருண்டு, நுனி கருகினால் அது பெரும்பாலும் இந்தப் பூச்சியின் வேலைதான். நிர்ணயித்த எடைக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு பெறும் தொழிலாளிக்கு, கருகிய கொழுந்து என்றால் குறைந்த கூலி.

ஆனால் இது கொசுவே அல்ல! கொசுவுக்குச் சிறகு 2, இதற்கு 4. மெலிந்த உடலையும் நீண்ட கால்களையும் பார்த்து யாரோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் இது நாவாய்ப்பூச்சி இனம். வெளியூர் லாட்ஜ் அறைகளில் நம் தூக்கத்தைக் கெடுக்கும் மூட்டைப்பூச்சிக்குத் தூரத்து உறவு. அது மனித ரத்தத்தை உறிஞ்சுகிறது, இது செடியின் சாற்றை உறிஞ்சுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதுகில் குண்டூசி

இதை அடையாளம் காண்பது எளிது. முதுகில் குண்டூசி குத்தி வைத்தது போல ஒரு சிறு தண்டும் அதன் நுனியில் ஒரு மொட்டும் நிமிர்ந்து நிற்கும். உடலைவிட நீளமான உணர்கொம்புகள். பெண் பூச்சி இளந்தண்டின் சதைக்குள் முட்டையைச் செருகிவிடும். முட்டையிலிருந்து நீளும் இரண்டு மெல்லிய இழைகள் மட்டும் வெளியே தெரியும்.

தொல்லை எங்கே என்றால், குண்டூசி சுமக்கும் பூச்சிகள் பல வகை என்பதில்தான்.

1858-ல் பிரெஞ்சுப் பூச்சியியல் அறிஞர் விக்டர் சிக்னோரே, இலங்கையில் கிடைத்த பூச்சியை வர்ணித்து "ஹெலோபெல்டிஸ் அன்டோனி" என்று பெயரிட்டார். 1886-ல் லண்டனில் சார்லஸ் வாட்டர்ஹவுஸ் மேலும் இரண்டைப் பிரித்தார். அஸ்ஸாம் தேயிலையில் கண்டது "தெய்வோரா", அதாவது தேயிலை தின்னி. ஜாவாவில் கண்டது "பிராடி". பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகளைப் பற்றிய நூல் வரிசையில் டிஸ்டன்ட் 1904-ல் இந்தக் குடும்பத்தை "காப்சிடே" என்று எழுதினார். இன்று அதன் பெயர் "மிரிடே". பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட பெரிய குடும்பம் அது.

நிறம் ஏமாற்றும்

பெயர் வைத்தாயிற்று, குழப்பம் தீர்ந்ததா? இல்லை. ஒரே வகைப் பூச்சியிலும் நிறம் மாறுகிறது: ஒன்று செம்பழுப்பு, இன்னொன்று கறுப்பு. நிறத்தைப் பார்த்துப் பெயர் சொன்னவர்கள் தவறினார்கள். ஜாவாவின் கொக்கோ தோட்டங்களில் பிடித்ததையெல்லாம் "அன்டோனி" என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். 1991-ல் கேரி ஸ்டோனடால் ஆசியாவின் வகைகளை ஒருசேர ஆராய்ந்து வெளியிட்ட பிறகுதான், அன்டோனி தென்னிந்தியாவையும் இலங்கையையும் சார்ந்தது, ஜாவாப் பதிவுகள் வேறு வகைகளுடையவை என்பது தெளிவாயிற்று. ஒன்றைப் பற்றி எழுதிய குறிப்பை இன்னொன்றுக்கு மருந்துச் சீட்டாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்!

நம் பக்கத்து நிலவரம் என்ன? தென்னிந்தியத் தேயிலையில் முக்கியமாகத் தொல்லை கொடுப்பது தெய்வோரா. முந்திரியில் முதலிடம் அன்டோனிக்கு. போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரத்தில் இந்த நாட்டுப் பூச்சி குடியேறிக்கொண்டது. வேம்பையும் கொய்யாவையும்கூட அது விடுவதில்லை. வேம்பு கசக்கும், பூச்சி அண்டாது என்பார்கள். இதற்கு அந்தக் கசப்பு ஒரு பொருட்டே அல்ல!

முந்திரித் தோப்பில் மூன்று வகைகளும் கிடைத்திருப்பதால், மரத்தைப் பார்த்துப் பூச்சிக்குப் பெயர் சொல்ல முடியாது. ஆகவே, ஆராய்ச்சியாளர்கள் ஆண் பூச்சியைப் பிடித்து, வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்து, மைக்ரோஸ்கோப்பில் அதன் வடிவத்தைப் பார்த்த பிறகே பெயர் எழுதுகிறார்கள்.