அடுக்களையைத் திருத்தி அமைத்தல்

நெற்களத்தையும் மாட்டுக்கொட்டிலையும் சீர்செய்வதில் குடியானவர்கள் செலுத்தும் கவனம் அடுக்களையின்மீது செல்வது அரிது. இல்லத்துப் பெண்மணிகள் அங்கேதான் நாள்தோறும் பல மணி நேரம் உழைக்கின்றனர். வீட்டினுள் சூழும் புகையினால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் மாண்டனரென்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆகவே இதனை வெறும் கண்ணெரிச்சல் என்று தள்ளிவிடலாகாது.

புகையில்லா அடுப்பு புதிய யோசனையன்று. ஹைதராபாத்தில் ஆராய்ச்சி நடத்திய டாக்டர் எஸ்.பி. ராஜு, புகைபோக்கியுடன் கூடிய மண்ணடுப்பைப் பற்றி 1953-இல் நூல் வெளியிட்டார். 1980-களில் மத்திய சர்க்காரும் இத்தகைய அடுப்புகளை நாடெங்கும் பரப்பிற்று. புகைபோக்கியைத் துடைத்துப் பேணாத வீடுகளில் அவை விரைவில் பயனற்றுப் போயின. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் பின் எரிவாயு பல வீடுகளுக்கு வந்துளது. எனினும் திருவிடந்தைப் பக்கத்தில் சவுக்கு மிலாறும் பனைமட்டையும் எளிதிற் கிடைப்பதால், வெந்நீருக்கும் நெல் அவிப்பதற்கும் விறகடுப்பு இன்னும் தேவைப்படுகிறது.

ஆகையால் திட்டத்தின் முதல் விதி இது: விறகும் வாயுவும் ஓரறையில் கூடா. விறகடுப்பையும் கொடியடுப்பையும் பின்புறச் சார்ப்பில் அமைத்து, புகைபோக்கியைக் கூரை முகட்டுக்கு மேல் இரண்டடி உயர்த்துக. தென்கிழக்கு மூலையில் அடுக்களை வைப்பது நம் வழக்கம். கோடையில் பிற்பகற் கடற்காற்று அத்திசையிலிருந்தே வீசிப் புகையை வீட்டுக்குள் திருப்புமாதலால், புகைபோக்கி இன்றியமையாதது. உப்புக்காற்றில் இரும்புக் குழாய் விரைவில் துருப்பிடிக்கும். சுட்ட மண்குழாயே தக்கது. கூரை ஓலையாயின், குழாய் ஓலையைத் தொடாவண்ணம் செங்கற்சுவர் எழுப்புக.

எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையிலே தங்கும். ஆதலால் சுவரின் அடியில், தரையை ஒட்டி, வெளிப்புறம் திறக்கும் துவாரம் வேண்டும். உருளையை நிமிர்த்தி வைத்து, அடுப்பை அதற்கு மேலான மட்டத்தில் மேடைமீது அமைத்தல் வேண்டும். மேடையின் உயரம் சமைப்பவரின் முழங்கைக்குச் சுமார் நான்கு அங்குலம் தாழ்ந்திருப்பின் முதுகு நோவாது. மளிகை அலமாரி, தண்ணீர், அடுப்பு ஆகிய மூன்றும் சில அடிகளுக்குள் இருத்தல் நன்று. அங்கணத்து நீரை வாழைப் பாத்திக்கு விடலாம்.

கொத்தனாரை அழைக்குமுன், இவ்வமைப்பு முழுவதையும் கோலமாவினால் தரையிற் கோடிட்டு, சமைப்பவரையே அதில் நின்று பார்க்கச் செய்க. கோட்டை அழிப்பதற்குச் செலவில்லை. சுவரை இடிப்பதற்கு உண்டு.

சம்பா அறுவடை முடிந்த மாசியில் வேலையைத் தொடங்கி, ஐப்பசி மழைக்கு வெகு முன்னரே முடித்தல் வேண்டும். தாழ்வாரத்தில் தற்காலிக அடுப்பு மூட்டிய பின்னரே பழையதைப் பிரிக்கவும். முதலில் சாக்கடை, பின்னர் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும், அதன்பின் பூச்சு, தளம், மேடை என்பதே முறை. இது மாறினால் பூசிய சுவரை மீண்டும் உடைக்க நேரும். கடல் மணலைக் கலவையிற் சேர்க்கலாகாது. அதிலுள்ள உப்பு சுவரைப் பொரியச் செய்து கம்பியை அரிக்கும். கூலியை வேலை முடிந்த அளவுக்கே கொடுத்து, மதிப்பீட்டில் பத்திலொரு பங்கை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கி வைக்கவும்.

மாதிரி வயலைக் கண்டே புதுவிதை பரவுகிறது. கிராம அதிகாரிகள் ஊருக்கு ஒரு வீட்டிலேனும் இவ்வாறு அடுக்களை அமையத் தூண்டி, ஏனைய வீட்டுப் பெண்மணிகள் வந்து காண ஏற்பாடு செய்வாராயின், மற்றவை தாமே தொடரும்.