வெட்டுண்ட தலையும் பெயரில்லாத உடலும்



ஓவியத்தில் பெண் என்பதைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். மதகடிப்பட்டில் நின்றுகொண்டு பாரீஸ் ஓவியம் எதற்கு என்று நினைக்கலாம். இரண்டுக்கும் நடுவே வெட்டுண்ட தலை ஒன்று இருக்கிறது.

கண்டதை அப்படியே தீட்டாமல், கனவையும் அச்சத்தையும் உருவங்களால் உணர்த்த முயன்றவர்கள் குறியீட்டு ஓவியர்கள். ழான் மொரேயா 1886இல் குறியீட்டியத்துக்கு அறிக்கை எழுதினார். ஓவியர்கள் அதற்கு முன்பே அந்த வழியில் இறங்கிவிட்டார்கள். கஸ்தாவ் மொரோ 1876இல் காட்சிக்கு வைத்த படத்தில், ஆடும் சலோமியின் எதிரே யோவானின் தலை இரத்தம் சொட்ட அந்தரத்தில் நிற்கிறது. 1901இல் கிளிம்ட் தீட்டிய யூதித், கொன்றவனின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை அரைவாசி மூடி நம்மைப் பார்க்கிறாள். பெண்கள் படிப்பும் உரிமையும் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆண் ஓவியர்கள் பெண்ணை இரண்டாகப் பிளந்தார்கள்: ஒருத்தி தூயவள், இன்னொருத்தி ஆணைத் தின்பவள்.

நம் ரேணுகை கதையில் இந்த இருவரும் ஒரே கழுத்தில் ஒட்டவைக்கப்படுகிறார்கள். ஆற்று நீரில் கந்தர்வனின் நிழலைப் பார்த்து ஒரு கணம் மனம் அசைந்ததற்காக, ஜமதக்கினி மகனை ஏவி அவள் தலையை வெட்டச் சொல்கிறார். வெட்டிய பரசுராமனே தாயின் உயிரை வரமாகக் கேட்கிறான். அவசரத்தில் அவள் தலையைச் சேரிப் பெண் ஒருத்தியின் உடலோடு பொருத்திவிடுகிறான்.

இந்தக் கதையைப் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர் சொன்னெரா 1782இல் பாரீசில் வெளியான தம் நூலில் பதிவுசெய்தார். அதில் அந்த உடல் குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட பறைச்சியின் உடல். அம்மன் செய்யும் நன்மையெல்லாம் தலையின் குணமாம், கொடுமையெல்லாம் உடலின் குணமாம். ஜெர்மானியக் கவி கதேவும் இதே கதையை எடுத்து 1824இல் கவிதையாக வெளியிட்டார்.

நம் ஊர்ப்பக்கம் வாய்மொழியாகச் சொல்லும்போது கதை வேறு. ரேணுகை உயிருக்குப் பயந்து சேரிக்குள் ஓடிவருகிறாள். சேரிப் பெண் அவளைக் கட்டிப்பிடித்துக் காக்கப் பார்க்கிறாள். ஒரே வீச்சில் இரண்டு தலையும் விழுகிறது. புத்தகத்தில் குற்றவாளியாக இருப்பவள் இங்கே அடைக்கலம் கொடுத்துச் செத்தவள். இந்த இடத்தைத்தான் நான் அடிக்கோடிடுவேன். எழுதியவர் யாரிடம் கேட்டு எழுதினார் என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை.

படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், கருவறையில் தலைதான் இருக்கிறது. மகன் தலையை வெட்டினான், ஊர் தலையைக் கும்பிடுகிறது. உடலுக்கு உரியவளுக்குக் கதையில் பெயர்கூடக் கிடையாது. சலோமியை எத்தனையோ பேர் தீட்டினார்கள். அடைக்கலம் கொடுத்தவளைத் தீட்டிய படம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

நாக்பூரில் பிறந்த தலித் ஓவியர் சவி சாவர்க்கர் கழுத்தில் கலயம் கட்டிய மனிதர்களையும் தேவதாசிகளையும் தீட்டினார். ஓவியம் படிக்கும் பிள்ளைகள் அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். பிறகு உங்கள் ஆயாவிடம் ரேணுகை கதையைக் கேளுங்கள். சேரிப் பெண்ணின் கை அவளை எப்படி அணைத்திருந்தது என்பதையும் விடாமல் கேளுங்கள்.