குழந்தை இல்லாத குறை யாருடையது?
சுண்டெலிகள் சொன்ன உண்மை!

கல்யாணமாகி நாலு வருஷம் தொட்டில் ஆடவில்லை என்றால், ஊர் வாய் மருமகளைத்தான் "மலடி" என்று ஏசும்.

இது சரியா?

சரியல்ல என்கிறது விஞ்ஞானம்.

சாவி

ஆணின் விந்து அணு, பெண்ணின் முட்டையோடு கலந்தால்தான் கரு உண்டாகும். கலப்பதற்கு விந்து அணுவில் ஒரு புரதம் வேண்டும். ஜப்பானில், ஒசாகா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2005-ம் ஆண்டில் இதைக் கண்டார்கள். ஜப்பானியர் கல்யாண வரம் கேட்கப் போகும் கோவிலின் பெயர் "இசுமோ". அதையே புரதத்துக்கு வைத்தார்கள்.

இசுமோ இல்லாத ஆண் சுண்டெலிகளை உண்டாக்கி, பெண் எலிகளோடு விட்டார்கள். ஆண் எலிகள் திடமாகத்தான் இருந்தன. விந்து அணுக்களும் நன்றாக நீந்தின. ஆனால் குட்டி பிறக்கவில்லை!

பூட்டு

இசுமோ சாவி என்றால், முட்டையில் உள்ள பூட்டு எது?

2014-ல் இங்கிலாந்தில், சாங்கர் ஆராய்ச்சி நிலையத்தில் என்ரிகா பியாங்கி, கேவின் ரைட் ஆகியோர் அதைக் கண்டுபிடித்தார்கள். ரோமாபுரியின் கல்யாண தேவதை "ஜூனோ"வின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். ஜூனோ இல்லாத பெண் எலிகளும் குட்டி போடவில்லை.

ஓர் அணு உள்ளே நுழைந்ததும், சுமார் 40 நிமிஷத்தில் முட்டை அந்தப் பூட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறது. அடுத்த அணுவுக்கு இடமில்லை!

மனிதருக்கும் இதே சாவி, இதே பூட்டு உண்டு.

குழந்தை இல்லாமைக்கு வேறு காரணங்களும் பல. கருக்குழாய் அடைப்பு பெண்ணிடம் இருக்கலாம். விந்து அணுக் குறைவு ஆணிடம் இருக்கலாம். ஆகவே கணவனும் மனைவியும் சேர்ந்தே டாக்டரிடம் போக வேண்டும்.

சாவியைப் பார்க்காமல், பூட்டை மட்டும் குறை சொல்லலாமா?